வாரண்டியில் இருக்கும் பிக்கப்பில் பிரேக் மறுபடி மறுபடி பழுதானால் எந்த வழியில் போவது?

புதிதாக வாங்கிய பிக்கப் வண்டியில் பிரேக் குறை வருகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால் சரிசெய்து தருகிறார்கள். சில வாரங்களில் அதே குறை மறுபடி தலைகாட்டுகிறது. வாரண்டி இருப்பதால் பில் வருவதில்லை. ஆனால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது, கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. மதுரையைச் சுற்றிக் காய்கறி, பூ, வாழைத்தார், செங்கல் என்று லோடு அடித்துப் பிழைக்கும் பலர் இந்த நிலையில் அகப்பட்டு, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. சிறுமலையிலிருந்தும் வத்தலக்குண்டுப் பக்கமிருந்தும் மதுரையின் மாட்டுத்தாவணி, பரவை மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு கொண்டுவரும் என் தம்பியின் வண்டியில் பிரேக் பெடல் அவ்வப்போது கீழே இறங்க ஆரம்பித்தது. அந்த அனுபவத்தையும், அதையொட்டி நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்து, முன்னால் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே குறை இரண்டாவது முறை திரும்பி வந்தால், அதே கம்பெனியின் வேறோர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அதே வாரத்தில் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிப் பட்டறையைப் பார்வையிட மட்டும் பயன்படுத்தலாம். நுகர்வோர் ஆணையத்தைக் கடைசியில் நாடலாம் என்றாலும், அதற்கான காலக்கெடுவை முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். காரணம் கண்டுபிடிக்கப்படும் வரை லோடோடு மலைப்பாதையில் வண்டியை இறக்கக் கூடாது.

வழிகளை எடைபோடுவதற்கு முன் குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வாரண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பேட், ஷூ லைனிங் போன்ற தேயும் பாகங்களின் இயல்பான தேய்மானத்தையும், அளவுக்கு மீறிய லோடால் வந்த சேதத்தையும் வாரண்டிப் புத்தகங்கள் பொதுவாக விலக்கிவைக்கின்றன. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுவது), வீல் சிலிண்டர் (டிரம்மில் ஷூவைத் தள்ளுவது), காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிப்பது), பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தருவது), பிரேக் குழாய் ஆகியவை தயாரிப்பிலோ பொருத்தியதிலோ இருந்த குறையால் கெட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு பாகத்தின் குறை இன்னொரு பாகத்தின் தேய்மானமாக வெளியே தெரிகிறது. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் (ஊசி போன்ற தண்டு) இறுகிக்கொண்டால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் சீக்கிரம் தேயும். பின் ஆக்சிலின் ஆயில் சீல் கசிந்தால் லைனிங் எண்ணெயில் ஊறி, பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இந்த இரண்டு நிலையிலும் லைனிங்கையோ பேடையோ மட்டும் மாற்றி, தேய்மானம் என்று எழுதி அனுப்பிவிட்டால், மூலக் காரணம் உள்ளேயே இருந்து புதிய பாகத்தையும் கெடுக்கும். உரிமையாளருக்குப் பணமும் போகிறது, குறையும் போவதில்லை.

ஆகவே ஓட்டுபவர் கவனித்துச் சொல்லும் அறிகுறிக்கு மதிப்பு அதிகம். பெடல் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் ஏறுகிறது என்றால், குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பின்புற டிரம்மில் ஷூவைத் தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துக்கொண்டே இருக்கையில் அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் முன் டிஸ்க் சமமாக இல்லை. ஓடி நின்ற பிறகு ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்றால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சமதரையில் நன்றாக இருந்து, இறக்கத்தில் மட்டும் பிடிப்புக் குறைகிறது என்றால் அது வெப்பத்தோடு சம்பந்தப்பட்டது.

இந்தக் கடைசி அறிகுறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பகுதிக்கு அது மிகவும் பொருந்தும் என்பதால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி இருந்தால் போதும் என்று அதே தரம் சொல்கிறது. டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. அதாவது பழைய ஆயிலோடு, 2,100 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு மிதித்தபடியே இறங்கினால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் ஒன்றுமில்லாமல் உள்ளே போகும். அடிவாரத்தில் வண்டி ஆறிய பின் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டிலும், பதினெட்டு வளைவுகள் உள்ள சிறுமலையிலும் ஓடும் வண்டிக்கும் இதே ஆபத்து உண்டு. சர்வீஸ் சென்டர் இருக்கும் சமதரைச் சாலையில், காலி வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை எதுவும் இல்லை என்று சொல்வதில் உண்மையே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

இன்னொன்றையும் உரிமையாளர்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பல பிக்கப்களில் பின்புற ஆக்சிலுக்கு அருகில், லோடுக்குத் தகுந்தபடி பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் அது லோடை அறிகிறது. கூடுதல் எடை ஏற்றுவதற்காக லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் சேர்த்துவிட்டால் பின்பக்கம் தாழாது. லோடு இருந்தும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைவாகப் பிடிக்க, முன் பிரேக் முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகித் தேயும். பிளேட் சேர்த்த வண்டியோடு வாரண்டி கேட்கப் போனால், கம்பெனிக்கு மறுக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த மறுப்பை முற்றிலும் அநியாயம் என்று சொல்லவும் முடியாது. அப்படிச் செய்திருந்தால் முதலில் அதைப் பழையபடி மாற்றி, பிறகு குறை இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

இப்போது வழிகளுக்கு வருவோம். அதே சர்வீஸ் சென்டருக்கே திரும்பத் திரும்பப் போவது எல்லாரும் முதலில் செய்வது. செலவில்லை, வீட்டுக்கு அருகில், ஆட்கள் பழக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு ஜாப் கார்டு, அதாவது நம் புகாரைப் பதிந்து சென்டர் தரும் தாள், சேர்கிறது என்பது இதன் உண்மையான பலன். அந்த ஜாப் கார்டில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பலன் நிலைக்கும். அட்வைசர் அவசரத்தில் 'பிரேக் செக்' என்று இரண்டு சொல்லில் எழுதிக்கொள்வார். அதை ஏற்காமல், 'லோடோடு இறக்கத்தில் வரும்போது பெடல் இறங்குகிறது, இதே குறைக்காக முன்பும் வண்டி விடப்பட்டது' என்று நாம் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்ல வேண்டும். கிலோமீட்டரும் தேதியும் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லலாம். தம்பியின் வண்டியில் ஒவ்வொரு முறையும் காற்றை எடுத்து, ஆயில் நிரப்பி அனுப்பினார்கள். நிரப்பிய ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு முறை பார்த்து இதுதான் பழுது என்று முடிவுகட்டிய கண்ணுக்கு அடுத்த முறையும் அதுவே தெரியும். இதனால்தான் இரண்டாவது முறைக்கு மேல் அதே இடத்துக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை.

வேறோர் அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வண்டியை விற்ற டீலரிடம்தான் வாரண்டி என்று நினைக்கிறார்கள். வாரண்டி தருவது தயாரிப்பாளர். அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சென்டரிலும் அதைக் கேட்கலாம். மதுரை டீலரிடம் வாங்கிய வண்டியைத் திண்டுக்கல்லிலோ தேனியிலோ விருதுநகரிலோ காட்டலாம். ஒரு நாள் வாடகையும் போய்வரும் டீசலும் செலவு. அதற்கு ஈடாக, முன்முடிவு இல்லாத ஒருவர் வண்டியைப் பார்க்கிறார். பழைய ஜாப் கார்டுகளை வரிசையாக வைத்து எடுத்துக்கொண்டு போவதும், முந்தைய சென்டரைக் குறை கூறாமல் அறிகுறியை மட்டும் சொல்வதும் நல்லது. இன்னொரு டீலரின் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ள அவர்கள் தயங்குவார்கள், ஆனால் குறையைக் கண்டுபிடிக்கத் தயங்க மாட்டார்கள். எங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்ததும் விடை கிடைத்தது. அதன் பின்புறச் சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் கசிந்துகொண்டிருந்தது. அது வெளியே ஒரு சொட்டும் தரையில் விழாத கசிவு. மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் வாரண்டியிலேயே மாற்றப்பட்டன.

வெளிப் பட்டறையைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். மதுரையில் பிரேக் வேலையில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பெடலில் கால் வைத்த மாத்திரத்தில் இன்ன இடத்தில் குறை என்று சொல்லக்கூடியவர்கள். சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்க்கும் இளைஞருக்கு அந்த அனுபவம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வாரண்டிக் காலத்தில் வெளி ஆள் பிரேக் ஆயில் ஓடும் ஹைட்ராலிக் பாகத்தைத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்தக் குறைக்கும் அவரைக் கைகாட்டிவிடக் கம்பெனிக்கு வழி பிறக்கிறது. அதனால் அவரிடம் வண்டியைக் காட்டலாம், ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம், சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ளலாம். ஸ்பேனரை மட்டும் எடுக்க விடக் கூடாது. அவர் சொன்னதை அடுத்த ஜாப் கார்டில் நம் புகாராக எழுதவைப்பதுதான் அவருடைய அறிவை நாம் சரியாகப் பயன்படுத்தும் முறை. வழியில் பிரேக் முழுவதும் போய், நடுவழியில் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் உயிர்தான் முதலில். அப்போது கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் பில்லோடும் படங்களோடும் வைத்திருக்க வேண்டும்.

கம்பெனிக்கு எழுதுவதை ஒரு தனி வழியாகப் பார்ப்பதைவிட, மற்ற எல்லா வழிகளோடும் சேர்ந்து நடக்க வேண்டியதாகவே நான் கருதுகிறேன். டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே கடிதம், மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய தபாலிலும் போக வேண்டும். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு ஜாப் கார்டின் எண், தேதி, கிலோமீட்டர், நீடிக்கும் அறிகுறி ஆகியவற்றைக் கோபமில்லாமல் எழுதி, கம்பெனியின் சர்வீஸ் பொறியாளர் நேரில் வந்து லோடோடு வண்டியைச் சோதித்துக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்; கட்டணம் இல்லை, அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனாலும் டீலரின் கவுண்டரில் நின்றுபோன விஷயம் கம்பெனியின் தலைமை அலுவலகம் வரை போக இது உதவும்.

இதோடு சேர்த்து, இதே மாடலில் மற்றவர்களுக்கும் இக்குறை இருக்கிறதா என்று மார்க்கெட்டில் விசாரிப்பது பயன் தரும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, உயிருக்கு ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான புகாரை, அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் உரிமையாளரே பதியலாம். வண்டி ஏழு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவர் புகாரால் மட்டும் உத்தரவு வந்துவிடாது. ஒரே மாடல் வைத்திருக்கும் பலர் தனித்தனியே பதிந்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதா என்ற கேள்வியில் மூன்று தடைகளைப் பார்க்க வேண்டும். முதல் தடை, நாம் நுகர்வோரா என்பது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று விளக்கமும் தருகிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் உதாரணம் காட்டிச் சொன்னது. ஆகவே ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுபவருக்கு வழி திறந்திருக்கிறது; பல வண்டிகளை டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது கடினம். இரண்டாவது, நிரூபணம். தயாரிப்புக் குறை என்பதைக் காட்ட நிபுணர் கருத்து தேவைப்படலாம். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. மூன்றாவது, காலம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சரிசெய்துவிடுகிறோம் என்ற வாக்குறுதியிலேயே இந்த இரண்டு ஆண்டு கரைந்துவிடுவதுண்டு.

செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கம்பெனியின் அலுவலகம் எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மதுரை மாவட்டத்திலேயே புகார் தரலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் புது வண்டியே கிடைத்துவிடும் என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் வாரண்டியின் கீழ் முழு வண்டியையும் மாற்ற உத்தரவிட முடியாது என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறையுள்ள பாகம், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை எதிர்பார்ப்பது பொருத்தம். சட்டத்தில் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருந்தாலும் நடைமுறையில் அதற்கு மேல் ஆகக்கூடும். வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிய சுமை என்பதால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது என்றும் ஒரு வழி சொல்கிறார்கள். நஷ்டம் பெரியது என்பதை விடுங்கள். தீராத பிரேக் குறையை மறைத்து விற்றால் அடுத்து அதை ஓட்டப்போகும் ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறோம். குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் தவறில்லை. மறைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும், இடைப்பட்ட நாட்களில் வண்டியை ஓட்டலாமா என்ற கேள்வி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி, குறை இருப்பது தெரிந்தே பொது இடத்தில் வண்டியை ஓட்டுவதும் ஓட்ட அனுமதிப்பதும் குற்றம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமடைந்தால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. நம் உரிமையை நிலைநாட்ட நாம் சேர்த்துவைக்கும் ஜாப் கார்டுகளே, குறை நமக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் சான்றாகும். பெடல் இறங்கும் வண்டியை லோடு இல்லாமலும் ஓட்டாமல், கம்பெனியின் சாலை உதவி எண்ணை அழைத்து இழுத்துக்கொண்டு போகச் சொல்வதே முறை. நடுக்கம், சத்தம் போன்ற சிறிய குறையோடு சென்டர் வரை போக நேர்ந்தால் காலி வண்டியாக, குறைந்த கியரில், நெரிசல் இல்லாத நேரத்தில் போகலாம். டியூ நெருங்குகிறது என்பதற்காகத் தம்பியை மலைக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. கடன் தந்த நிறுவனத்திடம் ஜாப் கார்டு நகலோடு ஒரு கடிதம் கொடுத்துச் சில நாள் அவகாசம் கேட்டோம்.

பழுது நீக்கி வண்டியைத் திருப்பித் தரும்போது, திருப்தி என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். லோடோடு ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்திடக் கூடாது. ரோலர் பிரேக் டெஸ்டர் அருகில் இருந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியே அளந்து அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளலாம். அப்படியும் கையெழுத்து இல்லாமல் சாவி தர மாட்டோம் என்றால், 'லோடு சோதனைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்' என்று நம் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு வர வேண்டும்.